நூலில் தொங்கிய ஒரு நெத்திலி! - இத்தாலியின் திராட்சைக் குன்றுகளில் ஒரு விருந்துப் பயணம்

அக்டோபர் மாதத்துக் காலை. வடமேற்கு இத்தாலியின் பியமாந்த் மாநிலத்தில், லாங்கே குன்றுகளின் மேல் நின்று பார்த்தால் கீழே பள்ளத்தாக்கு தெரியாது. பால் பொங்கி நிற்பதுபோல எங்கும் பனிமூட்டம். அதற்கு மேலே தீவுகளைப்போல ஒவ்வொரு குன்றின் உச்சியும், அதில் ஒரு தேவாலய மணிக்கூண்டும், ஒரு பழைய கோட்டையும் மட்டும் தலைகாட்டும். வெயில் ஏற ஏற மூட்டம் விலகும். வரிவரியாகத் திராட்சைக் கொடிகள் வெளிவரும். மஞ்சள், ஆரஞ்சு, செம்பு என்று இலைகள் நிறம் மாறியிருக்கும்.

இத்தாலிய மொழியில் பனிமூட்டத்துக்கு 'நெபியா' என்று பெயர். இங்கே விளையும் கருந்திராட்சையின் பெயர் 'நெபியோலோ'. மூட்டம் இறங்கும் காலத்தில் பழுப்பதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள் ஒரு சாரார். பழத்தின் தோல்மேல் பனி படர்ந்ததுபோல வெண்பூச்சு இருப்பதால் வந்தது என்பார்கள் இன்னொரு சாரார்.

இந்தத் திராட்சையிலிருந்து வரும் பரோலோ, பர்பரெஸ்கோ என்ற இரண்டு ஒயின்களுக்காகவும், மண்ணுக்கடியில் விளையும் வெள்ளை ட்ரஃபிளுக்காகவும் உலகின் பல மூலைகளிலிருந்தும் சாப்பாட்டுப் பிரியர்கள் இங்கே வருகிறார்கள். ஆல்பா என்ற சிறு நகரத்தில் தங்கி, மூன்று நான்கு நாள்கள் குன்று குன்றாக ஏறி இறங்கிச் சாப்பிடுவதுதான் இந்தப் பயணம். அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் முன்புவரை இதே குன்றுகளிலிருந்து மக்கள் பசி தாங்காமல் வெளியேறிக்கொண்டிருந்தார்கள் என்பது, வெள்ளைத் துணி விரித்த மேஜையில் அமரும் பலருக்குத் தெரியாது.

நாய்க்குப் பள்ளிக்கூடம்

பயணத்தின் முதல் காலை பெரும்பாலும் காட்டில்தான் தொடங்கும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு 'த்ரிஃபொலாவ்' பின்னால் நடக்க வேண்டும். ட்ரஃபிள் தேடுபவரை உள்ளூர் மொழியில் அப்படித்தான் அழைக்கிறார்கள். அவருக்கு முன்னால் ஓடுவது அவருடைய நாய். கருவேலம் அல்ல, இது ஓக் மரங்களின் காடு. கூடவே பாப்லர், வில்லோ, லிண்டன் மரங்களும் உண்டு. இவற்றின் வேர்களோடு ஒட்டி உறவாடி, மண்ணுக்கடியிலேயே வளரும் ஒருவகைப் பூஞ்சைதான் ட்ரஃபிள். பார்க்கக் கோணல்மாணலான உருளைக்கிழங்குபோல இருக்கும். வெளியே தெரியாது. பழுத்ததும் அதன் வாசனை மட்டும் மண்ணைத் துளைத்து வரும். அது மனித மூக்குக்கு எட்டாது, நாய்க்கு எட்டும்.

முன்பெல்லாம் பன்றிகளும் இந்த வேலைக்குப் போனது உண்டு. ஆனால் பன்றி கண்டுபிடித்ததைத் தானே தின்றுவிடும். போகிறபோக்கில் வேர்களையும் கிளறி நாசம் செய்துவிடும். அதனால் 1985-ல் இத்தாலி பன்றிகளை வைத்துத் தேடுவதைத் தடைசெய்துவிட்டது. ஆல்பாவுக்குப் பக்கத்தில் ரோத்தி என்ற கிராமத்தில் ட்ரஃபிள் நாய்களுக்கென்றே 1880-ல் தொடங்கிய பள்ளி ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதைப் பெருமையாகப் பல்கலைக்கழகம் என்றே சொல்கிறார்கள்!

நாய் ஓரிடத்தில் நின்று மண்ணைப் பிறாண்டத் தொடங்கியதும் த்ரிஃபொலாவ் அதை விலக்கி, வாயில் ஒரு தின்பண்டத்தைப் போடுவார். பிறகு சிறிய மண்வெட்டியால் மெல்லக் கீறி, விரலால் தோண்டி எடுப்பார். எடுத்ததும் குழியை மூடிவிட வேண்டும். அடுத்த வருடமும் அதே இடத்தில் விளைய வேண்டுமே! எந்த மரத்தடியில் கிடைத்தது என்பதை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். அதனால்தான் பலர் இருட்டில், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாமல் தேடப் போகிறார்கள். இந்த அறிவையும் பழக்கத்தையும் 2021-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது.

100 கிராம் வெள்ளை ட்ரஃபிள் 300 யூரோவிலிருந்து 500 யூரோ வரை சாதாரணமாகப் போகும். மழை பொய்த்த வருடத்தில் அதற்கும் மேலே. உணவகத்தில் தட்டின்மேல் சீவிப்போடும்போது கிராம் கணக்கில்தான் விலை. சீவுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுக் காட்டுவது நல்ல உணவகங்களின் வழக்கம். 'போதும்' என்று சொல்லாதவரை சீவிக்கொண்டே இருப்பார்கள் என்பதை நினைவில் வைப்பது பர்ஸுக்கு நல்லது.

இந்தக் கிழங்கு உலகப் புகழ் பெற்றதற்கு ஒரு மனிதரின் வியாபாரத் தந்திரம் முக்கியமான காரணம். ஆல்பாவில் ஹோட்டல் நடத்திய ஜாக்கமோ மோரா, ஒவ்வோர் ஆண்டும் கிடைத்த சிறந்த ட்ரஃபிளை ஒரு பிரபலத்துக்குப் பரிசாக அனுப்பத் தொடங்கினார். 1949-ல் நடிகை ரீட்டா ஹேவொர்த்துக்கு; 1951-ல் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு. பத்திரிகைகள் எழுதின, ஆல்பாவின் பெயர் பரவியது. இன்று ஆல்பாவின் இலையுதிர்காலச் சந்தையில், விற்பனைக்கு வரும் ட்ரஃபிளைத் தொட்டும் முகர்ந்தும் பார்த்துச் சோதிக்கப் பயிற்சி பெற்ற நடுவர்கள் இருக்கிறார்கள்.

முப்பது மஞ்சள் கரு

மதியச் சாப்பாட்டுக்கு முதலில் வருவது 'தாயரீன்'. சேமியாவைவிடக் கொஞ்சம் தடிமனாக, கத்தியால் நறுக்கிய பாஸ்தா. ஒரு கிலோ மாவுக்கு முப்பது முட்டையின் மஞ்சள் கரு சேர்த்துப் பிசைகிற வீடுகள் உண்டு. அதனால்தான் அந்தத் தங்க நிறம். வெண்ணெயில் புரட்டி, மேலே ட்ரஃபிள் சீவினால் வேறு எதுவும் வேண்டாம்.

அடுத்து 'அன்யலோத்தி தெல் ப்லின்'. 'ப்லின்' என்றால் உள்ளூர் பேச்சில் கிள்ளு. மாவுக்குள் பூரணம் வைத்து விரலால் கிள்ளி மூடுகிறார்கள். நம் வீட்டில் சோமாசியின் ஓரத்தைக் கிள்ளி மடிப்பதுபோல. பூரணம் பெரும்பாலும் முந்தைய நாள் மிஞ்சிய வறுத்த இறைச்சியும் கீரையும். பரோலோவில் மணிக்கணக்கில் வேகும் மாட்டிறைச்சி, சூரை மீன் சாஸ் ஊற்றிய கன்றிறைச்சி ஆகியவையும் இந்த ஊரின் அடையாளங்கள்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. வெண்ணெய் தாயரீன், காஸ்தெல்மான்யோ பாலாடைக்கட்டி சேர்த்த உருளைக்கிழங்கு நியோக்கி, ஹேசல்நட் கேக் எல்லாம் கிடைக்கும். ஆனால் முட்டை சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காய்கறி என்று எழுதியிருந்தாலும் நெத்திலி ஒளிந்திருக்கலாம், கேட்டுக்கொள்வது நல்லது.

ஆமாம், நெத்திலி. கடலே இல்லாத பியமாந்த்தில் எங்கு திரும்பினாலும் உப்பு நெத்திலி! தெற்கே மலைகளைத் தாண்டினால் லிகூரியா கடற்கரை. அங்கிருந்து கழுதைகளில் உப்பும் மீனும் ஏறி வந்தன. மாய்ரா பள்ளத்தாக்கின் ஏழை விவசாயிகள் குளிர்காலத்தில் வயல் வேலை இல்லாதபோது, நெத்திலிப் பீப்பாய்களைத் தள்ளுவண்டியில் வைத்து ஊர் ஊராக விற்றார்கள். இறைச்சி வாங்க வழியில்லாத வீட்டுக்கு அதுதான் ருசி.

அந்த நெத்திலிக்கு இலக்கியத்திலும் இடம் உண்டு. ஆல்பாவில் 1922-ல் பிறந்த எழுத்தாளர் பெப்பே ஃபெனோலியோ, 'லா மலோரா' என்ற குறுநாவலை 1954-ல் வெளியிட்டார். வறுமையால் பக்கத்து ஊர்ப் பண்ணைக்குக் கூலியாளாக அனுப்பப்படும் அகஸ்தீனோ என்ற இளைஞனின் கதை. அதில் ஒரு காட்சி வருகிறது. சாப்பாட்டு மேஜைக்கு மேலே, நூலில் கட்டிய ஒரே ஒரு நெத்திலி தொங்கும். ஒவ்வொருவரும் தங்கள் மக்காச்சோளக் களித் துண்டை அதன்மேல் முறைபோட்டுத் தேய்த்துச் சாப்பிடுவார்கள். மீனைக் கடிக்கக் கூடாது. அது நாளைக்கும் வேண்டும்.

முப்பது மஞ்சள் கரு தாயரீன் என்பது அந்த வீடுகளில் தினசரி உணவல்ல. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே வந்த அரிய உணவு. இன்று பயணிகள் தினமும் சாப்பிடுவது, ஒரு காலத்தில் வருடத்துக்கு ஓரிரு முறை நடந்த விருந்தைத்தான்.

ஊரைக் காப்பாற்றிய ஹேசல்நட்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேல் லாங்கே கிராமங்கள் காலியாகத் தொடங்கின. இளைஞர்கள் தூரின் நகரத்துக் கார் தொழிற்சாலைகளைத் தேடிப் போனார்கள். ஆனால் ஆல்பாவைச் சுற்றியிருந்த பலர் ஊரைவிட்டுப் போகாமல் இருந்ததற்கு ஓர் இனிப்பு காரணம்.

போர்க்காலத்தில் கோகோ தட்டுப்பாடு. ஆனால் குன்றுகளில் ஹேசல்நட் கொட்டிக் கிடந்தது. ஆல்பாவின் இனிப்புக்கடைக்காரர் பியெத்ரோ ஃபெரேரோ, கொஞ்சம் கோகோவும் நிறைய ஹேசல்நட்டும் சேர்த்து, ரொட்டியோடு வெட்டிச் சாப்பிடும் கட்டி ஒன்றைச் செய்தார். 1946-ல் நிறுவனம் பிறந்தது. 1964-ல் அவருடைய மகன் மிக்கேலே அந்தச் சரக்கைச் செம்மைப்படுத்தி வைத்த பெயர்தான் 'நூட்டெல்லா'. இன்று பல வீடுகளில் குழந்தைகள் விரலை விட்டு நக்கும் அதே பாட்டில்!

நிறுவனம் குன்றுகளின் கிராமங்களுக்குப் பேருந்து அனுப்பியது. காலையில் ஏற்றிக்கொண்டு வந்து, வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவிட்டது. அதனால் ஒருவர் தொழிற்சாலையில் சம்பளம் வாங்கிக்கொண்டே மாலையில் தன் கொடிகளையும் பார்த்துக்கொள்ள முடிந்தது. இலையுதிர்காலத்தில் ஆல்பா தெருக்களில் நடந்தால், சில நாள்களில் காற்றிலேயே வறுத்த ஹேசல்நட்டும் கோகோவும் மணக்கும்.

தேவாலயத்துக்கு அடியில் ஒரு நிலவறை

இரண்டாம் நாள் பர்பரெஸ்கோ. ஒரே ஒரு முக்கியத் தெரு, முடிவில் ஓர் உயரமான பழைய கோபுரம், கீழே தானாரோ ஆறு. ஆல்பாவின் ஒயின் பள்ளித் தலைவராக இருந்த தொமித்சியோ கவாத்சா, 1894-ல் ஒன்பது விவசாயிகளைச் சேர்த்து இங்கே ஒரு கூட்டுறவைத் தொடங்கினார். 1920-களில் ஃபாசிச ஆட்சிக் காலத்தில் அது மூடப்பட்டது. பிறகு சிறு விவசாயிகள் பழைய நிலைக்கே போனார்கள். அறுவடை நாளில் வியாபாரி என்ன விலை சொல்கிறாரோ அதற்குத் திராட்சையைக் கொடுக்க வேண்டியதுதான். பழம் அழுகும் பொருள். காத்திருந்து பேரம் பேச முடியாது. தக்காளி விவசாயிக்கு இது புரியும்.

1958-ல் ஊர்ப் பாதிரியார் 19 சிறு விவசாயிகளைக் கூட்டினார். ஊரில் தங்கிப் பிழைக்க வேண்டுமானால் சேர்ந்துதான் ஒயின் செய்ய வேண்டும் என்பது அவருடைய கட்சி. இடம் இல்லை. முதல் மூன்று வருட ஒயின் தேவாலயத்தின் நிலவறையில்தான் தயாரானது! பிறகு எதிரிலேயே கூட்டுறவுக் கட்டடம் எழுந்தது. 'ப்ரொதுத்தோரி தெல் பர்பரெஸ்கோ' என்ற அந்தக் கூட்டுறவு இன்று உலகில் மிகவும் மதிக்கப்படும் ஒயின் கூட்டுறவுகளில் ஒன்று. தரத்துக்கு ஏற்ப விலை என்பதால், நல்ல பழம் கொண்டுவருகிற குடும்பத்துக்குக் கூடுதல் பணம் கிடைக்கிறது.

அப்பாவின் பீப்பாய்களும் மகனின் ரம்பமும்

மூன்றாம் நாள் பரோலோ. ஏறக்குறைய 700 பேர் வசிக்கும் கிராமம். நடுவில் ஃபலேத்தி குடும்பத்தின் கோட்டை. அதற்குள் ஒயின் அருங்காட்சியகம். பரோலோ என்ற பெயரைப் போட 11 ஊர்களின் நெபியோலோவுக்கு மட்டுமே உரிமை உண்டு. அறுவடை வருடத்தின் நவம்பர் மாதத்திலிருந்து கணக்கிட்டு 38 மாதங்கள் ஊறிய பிறகே விற்க வேண்டும். அதில் 18 மாதங்களாவது மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். பர்பரெஸ்கோவுக்கு 26 மாதங்கள்.

இந்தப் பீப்பாய்களைச் சுற்றித்தான் ஊரே பேசும் ஒரு குடும்பச் சண்டை நடந்தது. லா மோரா கிராமத்து இளைஞர் எலியோ அல்தாரே, 1976-ல் பிரான்ஸின் பர்கண்டிக்குப் போய்ப் பார்த்தார். அங்கே தன்னைப் போன்ற சிறு விவசாயிகள் வசதியாக வாழ்வதைக் கண்டு அதிர்ந்தார். அவர்கள் சுத்தமான சிறு பீப்பாய்களில் ஒயினை வைத்தார்கள். கொடியில் பிஞ்சுக் குலைகளைக் குறைத்து, மீதிப் பழத்தின் தரத்தைக் கூட்டினார்கள். வீட்டுக்கு வந்து அதையே செய்ய நினைத்தார். அப்பா சம்மதிக்கவில்லை. 1983-ல் மகன் ஒரு மின் ரம்பத்தை எடுத்து அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை அறுத்துப் போட்டார். அப்பா அவருக்குச் சொத்து இல்லை என்று எழுதிவைத்துவிட்டு, சமாதானமாகாமலே இறந்துபோனார். பிறகு மகன் உடன்பிறந்தவர்களிடமிருந்து நிலத்தை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது.

அப்பாவின் கோபத்தைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. நூலில் தொங்கிய நெத்திலியின் காலத்தைச் சேர்ந்த தலைமுறை அது. விளையும் குலையை வேண்டுமென்றே வெட்டி மண்ணில் போடுவது அவர்களுக்குப் பாவம். மகனுடைய தலைமுறைக்கோ, அப்படி வெட்டினால்தான் நிலம் தங்கும் என்ற கட்டாயம். அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் பயந்தது ஒரே பசிக்குத்தான். இன்று இரண்டு முறைகளும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. சுவை பார்க்கும் அறைகளில் இரண்டையும் ஊற்றிக் கொடுத்து, வித்தியாசத்தைக் கேட்கிறார்கள்.

விஷம் கற்றுக்கொடுத்த பாடம்

1986-ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் இத்தாலி உறைந்தது. மலிவு ஒயினின் போதையைக் கூட்ட யாரோ மெத்தனால் கலந்திருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் பார்வை இழந்தார்கள். மெத்தனால் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விசாரணை லாங்கேயின் ஓரத்தில் இருந்த ஒரு கிடங்குவரை வந்தது. தப்பே செய்யாத விவசாயிகளின் ஒயினும் விற்காமல் தேங்கியது. விலையைக் குறைத்து விற்றுப் பிழைக்க முடியாது, நம்பிக்கையைத்தான் விற்க வேண்டும் என்று குன்றுகள் முடிவெடுத்தது அப்போதுதான்.

அதே வருடம் ரோம் நகரின் புகழ்பெற்ற சதுக்கத்தில் அமெரிக்கத் துரித உணவகம் ஒன்று திறக்கப்பட்டது. அதை எதிர்த்துப் பாஸ்தாத் தட்டுகளோடு நின்றவர்களில் ஒருவர் ஆல்பாவுக்குப் பக்கத்து ஊரான ப்ராவைச் சேர்ந்த கார்லோ பெத்ரீனி. அவர் வளர்த்த 'ஸ்லோ ஃபுட்' இயக்கம் 1989-ல் பாரிஸில் உலக இயக்கமாக அறிவிக்கப்பட்டது. சாப்பாடு நன்றாக இருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், விளைவித்தவருக்கு நியாயமான விலையும் கிடைக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. ப்ராவுக்கு அருகே பொலென்த்சோவில் 2004-ல் உணவுக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் திறந்தார்கள்.

மூட்டம் குறைகிறது

2014-ல் இந்தத் திராட்சை நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பரோலோவின் நல்ல சரிவில் ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர், பத்து லட்சம் யூரோவைத் தாண்டிப் போகிறது. அப்பாவிடமிருந்து நிலம் வராத இளைஞர் இங்கே புதிதாக விவசாயம் தொடங்குவது இனி கனவுதான்.

கொடி கட்டவும் பழம் பறிக்கவும் உள்ளூர் ஆள் போதவில்லை. வட மாசிடோனியாவிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்களின் கைகள்தான் பறிக்கின்றன. 2024-ல் ஆல்பா பகுதியில் இப்படி வந்த தொழிலாளர்களைச் சுரண்டிய தரகர்களைப் போலீஸ் கைதுசெய்தது. ஒரு காலத்தில் அகஸ்தீனோக்கள் கூலியாளாகப் போன அதே குன்றுகள்!

வானமும் மாறுகிறது. அக்டோபர் மூட்டத்தில் பறித்த நெபியோலோவை, வெப்பமான வருடங்களில் செப்டம்பரிலேயே பறித்துவிடுகிறார்கள். 2022-ன் வறட்சி கொடிகளையும் காட்டையும் ஒருசேர வாட்டியது. ஈரம் இல்லையென்றால் ட்ரஃபிள் இல்லை. மரத்தை வெட்டித் திராட்சையும் ஹேசல்நட்டும் போட்டாலும் ட்ரஃபிள் இல்லை. அதனால் பழைய மரங்களைக் காக்க நில உரிமையாளர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் முயற்சிகள் நடக்கின்றன.

கடைசி இரவு

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தூரினிலிருந்து ஆல்பா ஒன்றரை மணி நேரத்துக்குள். ஆனால் குன்றுகளுக்குள் பேருந்து குறைவு, வாகனம் வேண்டும். ஓட்டுபவர் குடிக்கக் கூடாது. இத்தாலியப் போலீஸ் இதில் கண்டிப்பு. சுவை பார்க்கும் இடங்களில் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். அது அவமரியாதை அல்ல, தொழில்முறை. குடிப்பழக்கம் இல்லாதவர்கள் உடன் போனாலும் ட்ரஃபிள் காடு, பாலாடைக்கட்டி, ஹேசல்நட் தோட்டம் என்று நாள் நிறைந்துவிடும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் அறை கிடைப்பது கஷ்டம். பல மாதங்களுக்கு முன்பே பதிவுசெய்ய வேண்டும்.

கடைசி இரவில் 'பன்யா காவ்தா' சாப்பிடாமல் திரும்பக் கூடாது. பெயருக்குப் பொருள் சூடான குழம்பு. ஆலிவ் எண்ணெயில் பூண்டும் உப்பு நெத்திலியும் கரையும்வரை மெல்லக் காய்ச்சி, அடியில் கனல் வைத்த மண்சட்டியில் மேஜைக்கு வரும். சுற்றி உட்கார்ந்து, குடைமிளகாய், முட்டைக்கோஸ், கார்தோ என்ற தண்டு என்று ஒவ்வொன்றாகத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். திராட்சை அறுவடை முடிந்ததும் பறித்தவர்கள் எல்லோரும் கூடிச் சாப்பிட்ட உணவு இது. பூண்டு வாசனை மறுநாளும் போகாது. எல்லோரும் சாப்பிட்டிருப்பதால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

காய்கறி தீர்ந்த பிறகும் சட்டியை எடுத்துவிட மாட்டார்கள். அடியில் ஒட்டியிருக்கும் மிச்சத்தில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுவார்கள். வசதியான மேஜையாக இருந்தால் அதன்மேல் ட்ரஃபிளும் விழும். முட்டையும் தீர்ந்ததும் ரொட்டித் துண்டால் சட்டியைச் சுற்றி வழித்துவிடுவார்கள். நெத்திலியில் ஒரு துளிகூட மிஞ்சாது.